காரில் சென்டர் ஸ்பீக்கர்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். டாஷ்போர்டு நடுவில் கம்பெனியே ஒரு கிரில் விட்டிருக்கிறது, உள்ளே ஸ்பீக்கர் இல்லை. முன் கதவுகளில் கம்போனன்ட் செட் (கனமான ஒலிக்கு வூஃபர், கூர்மையான ஒலிக்கு ட்வீட்டர் என்று தனித்தனி), பின் கதவுகளில் கோஆக்சியல் (இரண்டும் ஒரே ஸ்பீக்கரில்), பூட்டில் ஒரு சப்வூஃபர் இருக்கிறது. பாடுபவரின் குரல் எப்போதும் உங்கள் பக்கத்து வலது கதவிலிருந்தே வருகிறது. கடைக்காரர், நடுவில் ஒரு மூன்றரை இஞ்ச் ஸ்பீக்கர் போட்டு லெஃப்ட் ஒயரையும் ரைட் ஒயரையும் அதில் சேர்த்துவிட்டால் குரல் நடுவுக்கு வந்துவிடும் என்கிறார். செய்யலாமா?

அவர் சொல்கிற முறையில் செய்ய வேண்டாம். சென்டர் ஸ்பீக்கரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் காரில் அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆனால் அது ஸ்பீக்கர் வாங்கி மாட்டுகிற வேலை இல்லை. அதற்குள் எந்த சிக்னல் போகிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது.

முதலில் குரல் ஏன் உங்கள் பக்கம் சாய்கிறது என்று பார்ப்போம். ஸ்டீரியோ பாட்டில் பாடுபவரின் குரலை இடது வலது இரண்டிலும் ஒரே அளவில் வைத்துத்தான் பெரும்பாலும் மிக்ஸ் செய்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால் குரல் நடுவில் நிற்பது போல் காதுக்குத் தோன்றும், அங்கே ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். காரில் யாருமே நடுவில் உட்காருவதில்லை. நம் ஊர் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் டிரைவரின் தலைக்கும் வலது கதவு ஸ்பீக்கருக்கும் தோராயமாக 90 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கருக்கு 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, எனவே அந்த 50 சென்டிமீட்டர் வித்தியாசம் கிட்டத்தட்ட 1.5 மில்லி விநாடி. கேட்க ஒன்றுமில்லாத அளவு போலத் தெரிகிறது, ஆனால் முதலில் வந்து சேரும் ஒலியை வைத்துத்தான் மூளை திசையை முடிவு செய்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை விரிவாக அளந்து காட்டினார், அதனால்தான் இதை ஹாஸ் எஃபெக்ட் என்கிறார்கள். ஒன்றரை மில்லி விநாடி முந்தினாலே போதும், குரல் முழுக்க வலது கதவுக்குப் போய்விடும். பேலன்ஸை இடது பக்கம் திருப்பினால் கொஞ்சம் நகரும், ஆனால் கூடவே மற்ற எல்லாமும் கெடும்.

இதில் இன்னொரு தொல்லை இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது ஒரே குரல். ஒன்று 50 சென்டிமீட்டர் தாமதமாக வருகிறது. எந்த அதிர்வெண்ணுக்கு அந்த 50 சென்டிமீட்டர் அரை அலைநீளமோ அங்கே இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் ஒலி குறைந்து ஒரு பள்ளம் விழும். கணக்குப் போட்டால் 343 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. மனிதக் குரலுக்குச் சதைப்பிடிப்பு தருகிற இடம் அது. கதவு ஸ்பீக்கர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் காரில் குரல் மெலிந்து கேட்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம், இதை ஈக்வலைசரில் ஏற்றிச் சரிசெய்யவும் முடியாது. இரண்டு பக்கமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே அடித்துக்கொள்ளும்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று டைம் அலைன்மென்ட். பக்கத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கரை 1.5 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் உங்கள் காதுக்கு வரும், குரல் ஸ்டியரிங்குக்கு நேர் முன்னாலோ டாஷ் நடுவிலோ வந்து நிற்கும், அந்த 343 ஹெர்ட்ஸ் பள்ளமும் பெருமளவு நிரம்பிவிடும். இன்று நடுத்தர விலை ஹெட் யூனிட்களிலேயே (டாஷில் இருக்கும் மியூசிக் பிளேயர்) இந்த வசதி இருக்கிறது. நீங்கள் பெரும்பாலும் தனியாக வண்டி ஓட்டுபவர் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உண்மையாகவே சொல்கிறேன். ஒரே ஒரு சீட்டுக்காக ட்யூன் செய்த இரண்டு சேனல் சிஸ்டம் கொடுக்கிற மேடை, அதாவது யார் எங்கே நின்று வாசிக்கிறார்கள் என்ற உணர்வு, பல சென்டர் சிஸ்டங்களில் கிடைப்பதில்லை.

ஆனால் பக்கத்து சீட்டில் உட்காருபவர் என்ன கேட்கிறார் என்று யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு வலதைவிட இடது ஸ்பீக்கர் ஏற்கெனவே 50 சென்டிமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. நீங்கள் வலதை இன்னும் 50 தள்ளிவைத்துவிட்டீர்கள். இப்போது அவருக்கு வித்தியாசம் ஒரு மீட்டர், கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி. குரல் அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து பாடும், பள்ளமும் 170 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். வீட்டுக்காரம்மா "இவ்வளவு செலவு செய்து இதுதானா?" என்று கேட்டால் அவர் சொல்வது நியாயம்தான், அவர் சீட்டில் அப்படித்தான் கேட்கிறது.

இரண்டாவது வழிதான் சென்டர். டாஷ் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் இருவருக்கும் சம தூரம். குரல் நிஜமாகவே அங்கிருந்து வந்தால் இருவருக்கும் நடுவிலிருந்துதான் கேட்கும். ஒரே இடத்திலிருந்து வருவதால் தன்னைத் தானே அடித்துக்கொள்ளவும் வழியில்லை. முன் சீட்டு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய எனக்குத் தெரிந்து நல்ல வழி இது ஒன்றுதான்.

மூன்று சேனல் என்பது புதிதாக வந்த யோசனையும் இல்லை. 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பிலடெல்பியாவில் வாசித்த ஆர்கெஸ்ட்ராவைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக வாஷிங்டனில் ஒரு அரங்கத்துக்கு அனுப்பிக் காட்டினார்கள். இடது, நடு, வலது என்று மூன்று மைக், மூன்று ஒலிபெருக்கி. பிறகு வீட்டுக்கு ஸ்டீரியோ வந்தபோது இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்தான், இரண்டு சேனலைத்தான் அதில் எழுத முடியும், அதனால் இரண்டே வழக்கமாகிவிட்டது. நாம் இன்று கேட்கிற பாட்டில் பெரும்பங்கு இன்னமும் இரண்டு சேனல்தான். நடு சேனல் அதில் இல்லை. நாமே அந்த இரண்டிலிருந்து உண்டாக்க வேண்டும்.

கடைக்காரர் திட்டம் தடுமாறுவது இங்கேதான். இடதையும் வலதையும் அப்படியே கூட்டினால் குரல் வரும், உண்மை. கூடவே இடது ஓரத்தில் இருந்த கிடாரும் வலது ஓரத்தில் இருந்த வயலினும் நடுவுக்கு வந்துவிடும். அதே சமயம் கதவு ஸ்பீக்கர்களில் குரல் குறையவே இல்லை, அவை பழையபடி பாடிக்கொண்டிருக்கின்றன. இப்படி வெறுமனே கூட்டி எடுக்கும் சென்டருக்கும் பக்கத்துச் சேனலுக்கும் இடையிலான பிரிவு 3 டெசிபல்தான். விளைவு, முன்னால் கதவு முதல் கதவு வரை விரிந்திருந்த மேடை டாஷ் நடுவில் ஒரு சின்னக் குவியலாகச் சுருங்கிவிடும். முதல் நாள் "ஆகா, குரல் நடுவில் வருகிறதே" என்று தோன்றும், கொஞ்ச நாள் கேட்டால் பழைய ரேடியோ கேட்கிற உணர்வு வந்து ஒலியைக் குறைத்துவிடுவீர்கள், அப்புறம் ஒயரையே பிடுங்கிவிடுவீர்கள்.

ஒயரிங் விஷயமும் சொல்லிவிடுகிறேன், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் ஓடுவது. ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி வோல்டேஜில் பாதி, 6 அல்லது 7 வோல்ட், நிற்கும். அதில் எதையாவது பாடியில் தொட்டால் யூனிட் போய்விடும். லெஃப்ட் பிளஸையும் ரைட் பிளஸையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு சூடேறும். ஸ்பீக்கரை லெஃப்ட் பிளஸுக்கும் ரைட் பிளஸுக்கும் நடுவே மாட்டினால் வேடிக்கை, உங்களுக்குக் கிடைப்பது கூட்டல் இல்லை, கழித்தல்; குரலைத் தவிர மற்றதெல்லாம் வரும். லெஃப்ட் பிளஸுக்கும் ரைட் மைனஸுக்கும் நடுவே மாட்டினால் கூட்டல் வரும், ஆனால் குரல் வரும்போதெல்லாம் அந்த இரண்டு முனையும் 2 ஓம் ஸ்பீக்கரை இழுப்பது போல இரட்டிப்புக் கரன்ட் தர வேண்டும், 4 ஓமுக்கு என்று செய்த சிப்புக்கு அது தாங்காது. ஆர்சிஏ பக்கம், அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு முந்தைய சிக்னல் ஒயர்கள் பக்கம், போய் இரண்டை ஒன்றாக்கும் ஒய் கேபிள் போட்டு லெஃப்ட்-ரைட்டை ஒன்றாக்கினாலும் தப்பு. அதே அவுட்புட்டிலிருந்து கதவுகளுக்கும் சிக்னல் போகிறது என்றால் அவையும் மோனோ ஆகிவிடும்.

சரி, ஒழுங்காக எப்படிச் செய்வது? பொதுவான பகுதியை மட்டும் கண்டுபிடித்து நடுவுக்கு எடுக்க வேண்டும், எடுத்ததைக் கதவுகளில் குறைக்க வேண்டும். இதைத்தான் அப்மிக்ஸர் செய்கிறது. சினிமாவுக்காக டால்பி செய்த புரோ லாஜிக் 1987-இல் வீட்டுக்கு வந்தது, ஆனால் அது இசைக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. 2000-இல் வந்த புரோ லாஜிக் 2-தான் பாட்டுக்கும் ஏற்றதாக இருந்தது. அதை வடிவமைத்தவர் ஜிம் ஃபாஸ்கேட். ஆம், கார் ஆம்ப்ளிஃபயரில் பார்க்கிற அந்த ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் பெயருக்குச் சொந்தக்காரர்தான். கார் ஆடியோ நிறுவனமான ஆல்பைன் அதைத் தன் கார் பிராசஸர்களில் கொண்டுவந்தது. லெக்சிகான் நிறுவனத்தில் டேவிட் கிரீசிங்கர் உருவாக்கிய லாஜிக் 7 என்ற அப்மிக்ஸர் தாய் நிறுவனமான ஹார்மன் வழியாக பிஎம்டபிள்யூ, மெர்சிடீஸ் கார்களுக்குள் போனது. தனியாக வாங்கிப் போடுகிற பெட்டிகளில் ஜேபிஎல் எம்எஸ்-8 அதே லாஜிக் 7 உடன் வந்தது, காதில் மாட்டும் மைக்கை வைத்துத் தானாகவே அளந்து ட்யூன் செய்துகொள்ளும். உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது, பழையது கிடைத்தால் பார்க்கலாம். இப்போது வாங்கக்கூடியதில் ஹீலிக்ஸ் கம்பெனியின் டிஎஸ்பிகளில் (ஒலி சிக்னலை டிஜிட்டலாகப் பிரித்துத் திருத்தும் பெட்டிகள்) சிலவற்றில் ரியல்சென்டர் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் பொதுவாக உள்ளதை மட்டும் பிரித்து நடுவுக்கு அனுப்புகிறது. வாங்குவதற்கு முன்னால் அந்தக் குறிப்பிட்ட மாடலில் அது உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், எல்லாவற்றிலும் வருவதில்லை.

அப்மிக்ஸர் இல்லாத, ஆனால் எந்த அவுட்புட்டுக்கு எதை எவ்வளவு கலப்பது என்று வைக்கும் மிக்ஸர் வசதி உள்ள சாதாரண டிஎஸ்பி உங்களிடம் இருந்தால் ஒரு நடுவழி இருக்கிறது. சென்டருக்கு இடது 50 சதவீதம், வலது 50 சதவீதம் கொடுங்கள். இடது கதவுக்கு இடது முழுதாகவும், அதோடு வலதின் 25 அல்லது 30 சதவீதத்தை எதிர் போலாரிட்டியிலும் (பிளஸ்-மைனஸ் மாற்றி, அதாவது கழித்து) கொடுங்கள், வலதுக்கும் அதேபோல. குரல் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் கதவுகளில் 3 டெசிபல் அளவுக்கு இறங்கும், ஓரத்தில் உள்ளவை அப்படியே இருக்கும், சுருங்கின மேடை மறுபடி விரியும். ஒலி ஆய்வாளர் மைக்கேல் கெர்சன் 1992-இல் மூன்று ஸ்பீக்கர்களுக்காக எழுதிய மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கு இது தூரத்துச் சொந்தம். அளவை மீறிக் கழித்தால் தலைக்குள் ஏதோ சுழல்வது போல இருக்கும், உடனே தெரிந்துவிடும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கழித்தலை 300 ஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும் செய்யுங்கள், கீழே செய்தால் பேஸ் காணாமல் போகும், ஏனென்றால் பேஸ் கிட்டத்தட்ட எப்போதும் மோனோதான்.

இனி ஸ்பீக்கர். இங்கே இடம்தான் ராஜா. டாஷ் துளையில் பெரும்பாலும் மூன்றரை இஞ்ச் போகும், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு. எவ்வளவு பெரியது போகுமோ அதைப் போடுங்கள், கோஆக்சியலாகவோ நல்ல ஃபுல்ரேஞ்சாகவோ இருக்கட்டும். முடிந்தால் முன் கதவு செட்டின் அதே குடும்பத்தில் வாங்குங்கள், ட்வீட்டர் பட்டு டோமாக இருந்தால் இதுவும் பட்டாகவே இருக்கட்டும். பாடகி ஒரு வரியை நடுவில் பாடும்போது ஒரு குரலாகவும், கோரஸ் ஓரத்தில் வரும்போது வேறு குரலாகவும் கேட்டால் அந்த எரிச்சல் சொல்லி மாளாது. மூன்றரை இஞ்ச் என்றால் 250 முதல் 300 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஃபில்டர்), 24 டெசிபல் சரிவு. அதற்குக் கீழே உள்ள நடு சிக்னலைக் கதவு வூஃபர்களுக்கே திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் குரலின் அடிப்பாகம் எங்கேயும் வராது. ஹெட் யூனிட்டிலிருந்து ஓட்டாதீர்கள், தனி ஆம்ப்ளிஃபயர் சேனல் ஒன்று ஒதுக்குங்கள். நல்ல அப்மிக்ஸர் இருந்தால் முன் மேடையின் பாதி வேலையை அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான் செய்யப்போகிறது, அதை 10 வாட்டில் பட்டினி போட்டால் சத்தம் ஏற்றும்போது முதலில் கதறப்போவதும் அதுதான்.

வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்டின் மேல்பரப்பு 70 டிகிரி செல்சியசைத் தாண்டும், நம் மே மாத வெயிலில் சொல்லவே வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தங்களின் வரம்பு 80 டிகிரிதான். குட்டியாக, அழகாக இருக்கிறது என்று நியோடிமியம் ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஃபெரைட் காந்தம் போகிற இடம் இருந்தால் நான் ஃபெரைட்டையே போடுவேன். துளையின் ஓரத்தில் ஃபோம் காஸ்கெட் ஒட்டி முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலக்காமல் அடையுங்கள். பக்கத்தில் ஓடும் ஒயர்களைத் துணி டேப் சுற்றிக் கட்டுங்கள், டாஷ் உள்ளே ஒரு கிளிப் ஆடினால் சென்டர் ஸ்பீக்கர் அதைக் கண்டுபிடித்துத் தரும். ஒன்று மட்டும்: துளை பெரிதாக்குகிறேன் என்று டாஷை வெட்டாதீர்கள். இடது பக்கம் பயணியின் ஏர்பேக் அதே பிளாஸ்டிக்குக்கு அடியில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் மேலே பார்த்து விண்ட்ஷீல்டில் அடித்துத்தான் காதுக்கு வரும். இதனால் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கொஞ்சம் கூச்சல் இருப்பது சகஜம், ஈக்வலைசரில் அடக்குங்கள்.

ட்யூனிங்கில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று: டிரைவருக்கான டைம் அலைன்மென்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு சென்டரையும் சேர்ப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. சென்டர் போட்டால் இடது, வலது தாமதங்கள் சமமாக இருக்க வேண்டும். எந்த சீட்டுக்கும் சலுகை கிடையாது, அதுதான் இதன் பயனே. பிறகு கதவு ட்வீட்டரையும் வூஃபரையும் அந்தந்தப் பக்கத்துக்குள் ஒத்துப்போக வையுங்கள். ஒரு அளவு மைக்கும் லேப்டாப்பும் இருந்தால் ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச மென்பொருளே போதும். சென்டரின் போலாரிட்டியை முதலில் சரிபாருங்கள். மோனோவாக ஒரு பேச்சைப் போட்டு, சென்டரின் பிளஸ்-மைனஸை மாற்றி மாற்றிக் கேட்டால் எதில் குரல் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி. அளவை, வெறும் கூட்டல் சிக்னல் என்றால், கதவுகளைவிட 6 டெசிபல் கீழே ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். குரல் நடுவில் உட்கார்ந்த நொடியில் நிறுத்துங்கள். சென்டர் தனியாகப் பாடுவது தெரிந்தால் ஏற்கெனவே கூடிவிட்டது. கண்ணை மூடினால் அங்கே ஸ்பீக்கர் இருப்பது தெரியக்கூடாது, அதை நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைவது தெரிய வேண்டும். பக்கத்து சீட்டிலும் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள், அவருக்காகத்தானே இத்தனையும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 60-களின் தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. மோனோவில் இடது வலது இரண்டும் ஒன்றே என்பதால் நல்ல அப்மிக்ஸர் மொத்தப் பாட்டையும், தபேலா வயலின் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த மூன்றரை இஞ்சுக்குள் அடைத்துவிடும். தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் கேட்பதற்கு டிரான்சிஸ்டர். எஃப்எம் கேட்டாலும் இதே கதை: ஊரை விட்டு வெளியே போகப் போக சிக்னல் பலவீனமாகி ரேடியோ ஸ்டீரியோவை மோனோவாகக் கலக்கும், அப்போது கதவுகளில் இருந்த இசை மெல்ல நடுவுக்கு நகர்ந்து வருவதைக் கேட்கலாம். புரோ லாஜிக் 2-இல் இதற்காகவே சென்டர் விட்த் என்ற அமைப்பு இருக்கிறது. நடு சிக்னலில் எவ்வளவை மறுபடி இடது வலதுக்குப் பரப்புவது என்று அதில் முடிவு செய்யலாம். வேறு டிஎஸ்பி என்றால் இரண்டு பிரீசெட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று சென்டருடன் இரண்டு சீட்டுக்கு, மற்றொன்று சென்டர் இல்லாமல் டிரைவருக்கு டைம் அலைன்மென்ட்டுடன். பழைய பாட்டு, தனியாக ஓட்டம் என்றால் இரண்டாவது.

கம்பெனி சிஸ்டத்திலேயே சென்டர் வருகிற வண்டிகள் வேறு விஷயம். 2020-இல் வந்த கிரெட்டாவின் போஸ் சிஸ்டத்தில் எட்டு ஸ்பீக்கரில் ஒன்று டாஷ் நடுவில்தான். மகிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ போன்றவற்றில் டால்பி அட்மாஸே வந்துவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் வெளி டிஎஸ்பி போடும்போது கம்பெனி சென்டரின் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்காதீர்கள், அது ஏற்கெனவே பிரித்து, தாமதப்படுத்தி, வெட்டி ஒட்டியது. முடிந்தவரை சுத்தமான இடது வலது எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுங்கள். சில வண்டிகளில் பார்க்கிங் பீப், நேவிகேஷன் குரல் எல்லாம் முன் ஸ்பீக்கர்களில் ஒன்றின் வழியாக வரும், எதையாவது கழற்றும் முன் அது எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது: முதலில் இப்போதுள்ள ஹெட் யூனிட்டிலேயே டைம் அலைன்மென்ட் இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள். இருந்தால் பின் கதவுகளை நன்றாகக் குறைத்துவிட்டு, வலது முன்னை 1.5 மில்லி விநாடி தள்ளி, ஒரு வாரம் கேளுங்கள், செலவு ஒன்றுமில்லை. அதில் திருப்தி வந்து, பக்கத்து சீட்டிலிருந்து புகாரும் வராவிட்டால் கிரில் காலியாகவே இருக்கட்டும். புகார் வந்தால் பணத்தை முதலில் சென்டர் வசதியுள்ள டிஎஸ்பியில் போடுங்கள், ஸ்பீக்கர் அதற்கு அடுத்தது. கடைக்காரரிடம் "லெஃப்ட்-ரைட்டைச் சேர்க்க வேண்டாம், சென்டருக்குத் தனி அவுட்புட், தனி ஆம்ப்ளிஃபயர் சேனல், 300-இல் ஹை-பாஸ்" என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு அவர் முழித்தால் வேறு கடை பாருங்கள்.